கேஷ்னா காசா? நம்ம வெப்சைட்டுக்கு ஒரு க்ளாஸரி ப்ளகின் எழுதின கதை

(எபிசோடின் திருத்தப்பட்ட எழுத்து வடிவம். பேச்சுநடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டிருக்கிறது.)

வழக்கமா வெளியில இருக்கிற ஏதாவது ஒரு டெக்னாலஜியை எடுத்துப் பேசுவோம். இன்னைக்கு நம்ம வெப்சைட்டையே பிரிச்சு மேயப் போறோம். ஒவ்வொரு எபிசோடோட எழுத்து வடிவமும் அங்கதான் இருக்கு. போன மாசத்துல இருந்து அந்தப் பக்கங்கள்ல சில வார்த்தைகளுக்குக் கீழே புள்ளிக்கோடு தெரியுது, தட்டினா அர்த்தம் வருதுனு சிலர் கவனிச்சு மெசேஜ் பண்ணியிருந்தீங்க. அது எப்படி வந்துச்சு, நடுவுல நான் எங்கெல்லாம் சொதப்பினேன், அதான் இன்னைக்கு விஷயம்.

ஒரு நோட்டுப் பக்கத்தோட போட்டோ

ஆரம்பம் ஒரு மெயில். முதல் வருஷம் படிக்கிற ஒரு மாணவி அனுப்பியிருந்தாங்க. "அண்ணா, எபிசோட் கேக்குறப்போ பாதி புரியல, அதனால வெப்சைட்ல வாசிக்கிறேன். அங்கயும் மூணாவது பாராவுல நின்னுடுறேன். கேக்க வெட்கமா இருந்துச்சு, அதான் நானே ஒரு லிஸ்ட் போட்டு வெச்சிருக்கேன்"னு எழுதி, கூடவே ஒரு நோட்டுப் பக்கத்தோட போட்டோ. இடது பக்கம் நான் பேசின வார்த்தைகள். வலது பக்கம் அவங்களா யூகிச்ச அர்த்தம்.

அதுல 'டிப்ளாய்'ங்கிற வார்த்தைக்கு நேரா "பழசை அழிப்பது" அப்படின்னு இருந்துச்சு. எனக்கு முதல்ல சிரிப்புதான் வந்துச்சு. அப்புறம் அந்த எபிசோடைத் திறந்து பார்த்தேன். நான் சொல்லியிருந்தது இதுதான்: "வெள்ளிக்கிழமை சாயங்காலம் மட்டும் டிப்ளாய் பண்ணிடாதீங்க, எல்லாம் போயிடும்." நமக்கு அது ஜோக். அந்த வார்த்தையை முதல் தடவை கேக்குற ஒருத்தருக்கு, டிப்ளாய் பண்ணா எல்லாம் போயிடும், அப்போ அது அழிக்கிறதுதானே? அவங்க லாஜிக்ல தப்பே இல்லை. நான்தான் அர்த்தம் சொல்லாம விட்டிருக்கேன்.

எனக்கு என்னோட முதல் செமஸ்டர் ஞாபகம் வந்துச்சு. பன்னிரண்டாவது வரைக்கும் தமிழ் மீடியம். இன்ஜினியரிங் சேர்ந்த முதல் மாசமே சி லேப். 'கம்பைல்'னா 'சேவ்'னு நானா முடிவு பண்ணி வெச்சிருந்தேன். யாரும் அப்படிச் சொல்லித்தரல. எல்லாரும் அடிக்கடி பண்றாங்க, பண்ணா கீழே ஏதோ மெசேஜ் வருது, அதனால சேவ்தான்னு ஒரு நம்பிக்கை. மாடல் லேப் எக்ஸாம்ல சிஸ்டம் ஹேங் ஆச்சு. ரீஸ்டார்ட் பண்ணா ப்ரோக்ராமே இல்லை. "சேவ் பண்ணலையா?"னு கேட்டாங்க. "கம்பைல் பண்ணேன் சார்"னு சொன்னேன். லேப்ல எல்லாரும் சிரிச்சாங்க. அதுக்கப்புறம் அந்த செமஸ்டர் முழுக்க நான் யாருகிட்டயும் எந்த வார்த்தைக்கும் அர்த்தம் கேக்கல.

அந்த நோட்டுப் பக்கத்தைப் பார்த்ததும், இப்போ சிரிக்கிற பக்கம் நான் உக்காந்திருக்கேன்னு தோணுச்சு. அன்னைக்கு ராத்திரியே வேலையை ஆரம்பிச்சேன்.

க்ளாஸரின்னா என்ன, ஸ்டாட்டிக் சைட்னா என்ன

அகராதி ஒரு மொழிக்கே பொதுவானது. க்ளாஸரி அப்படி இல்லை, இந்த ஒரு புத்தகத்துக்கு, இந்த ஒரு தளத்துக்கு மட்டும். நம்ம ஊருக்கு இது புதுசு கிடையாது. சிலப்பதிகாரத்துக்கு இருக்கிற பழைய உரைகள்ல ஒண்ணுக்குப் பேரே அரும்பதவுரை. உ.வே.சாமிநாதையர் பதிப்பிச்ச புத்தகங்களோட கடைசிப் பக்கங்களைப் புரட்டினா அரும்பத அகராதி இருக்கும். வாசிக்கிறவங்க எங்க தடுக்கி விழுவாங்கன்னு யோசிச்சு, முன்னாடியே கை கொடுக்கிற வேலை அது.

அடுத்து ஸ்டாட்டிக் சைட். ஹோட்டல்ல ரெண்டு வகை இருக்குல்ல, நீங்க ஆர்டர் பண்ணதும் தோசை ஊத்துற இடம் ஒண்ணு, காலையிலயே பொட்டலம் கட்டி அடுக்கி வெச்சிருக்கிற இடம் இன்னொண்ணு. ஸ்டாட்டிக் சைட் ரெண்டாவது வகை. நான் மார்க்டவுன்ல எழுதுறேன், ஒரு ஜெனரேட்டர் அதை மொத்தமா ஹெச்டிஎம்எல் பக்கங்களா மாத்தி வெச்சிடுது. நீங்க வரும்போது கட்டி வெச்ச பொட்டலத்தை எடுத்துக் கொடுக்கிறது மட்டும்தான் வேலை. 2008ல வந்த ஜெக்கில் இந்த முறையைப் பிரபலமாக்குச்சு. அப்புறம் ஹியூகோ, எலெவன்டினு நிறைய வந்துச்சு. நம்ம சைட் எலெவன்டில ஓடுது.

பொட்டலம் கட்டுற நேரத்துல நடுவுல கையை நீட்டி ஏதாவது செய்ய முடியும். அதுக்குத்தான் ப்ளகின். க்ளாஸரி ப்ளகினோட அடிப்படை யோசனை ரொம்ப சிம்பிள். ஒரு ஃபைல்ல வார்த்தையும் அர்த்தமும் இருக்கும். பில்ட் ஆகும்போது ஒவ்வொரு பக்கத்துலயும் அந்த வார்த்தைகளைத் தேடி லிங்க் போடணும். கடைசியில எல்லா வார்த்தைகளும் வரிசையா இருக்கிற ஒரு பக்கத்தையும் உருவாக்கணும். எல்லாமே பில்ட்லயே முடிஞ்சிடும், உங்க போன்ல எக்ஸ்ட்ராவா எந்த ஸ்கிரிப்ட்டும் ஓடாது.

இதை ஏற்கனவே நல்லா பண்ணவங்க இருக்காங்க. பைதானோட அதிகாரபூர்வ டாக்குமென்டேஷன்ல ஒரு க்ளாஸரி இருக்கு. அதைக் கட்டுற ஸ்ஃபிங்க்ஸ்ங்கிற டூல்ல க்ளாஸரிக்குன்னே தனி வசதி உண்டு. எழுதுறவர் ஒரு வார்த்தையை "இது க்ளாஸரி சொல்"னு குறிச்சு, ஆனா அது பட்டியல்ல இல்லைன்னா, ஸ்ஃபிங்க்ஸ் எச்சரிக்கை கொடுக்கும். எச்சரிக்கை வந்தா பில்டையே நிறுத்துனு நீங்க சொல்லியும் வைக்கலாம். இந்த விஷயம் எனக்கு அப்போ முக்கியமாத் தெரியல. பின்னாடி இதுக்கே திரும்பி வந்தேன்.

ஆங்கிலத்துக்கு எழுதின ப்ளகின், தமிழ்ப் பக்கம்

முதல்ல ஒரு ரெடிமேட் ப்ளகினைப் போட்டேன். அம்பது வார்த்தை எழுதி பில்ட் பண்ணா, பக்கத்துல ஒரு லிங்க்கூட வரல. எரர் எதுவும் இல்லை. எல்லாம் பச்சை டிக்.

காரணம் வார்த்தை எல்லை. தேடும்போது "முழு வார்த்தையா இருந்தா மட்டும் பிடி"னு சொல்ல ரெகெக்ஸ்ல ஒரு குறி இருக்கு, பேக்ஸ்லாஷ் பி. ஜாவாஸ்கிரிப்ட்டைப் பொறுத்தவரைக்கும் வார்த்தைங்கிறது ஆங்கில எழுத்து, எண், அண்டர்ஸ்கோர் மட்டும்தான். தமிழ் எழுத்து எல்லாமே அதுக்கு காற்புள்ளி, கேள்விக்குறி மாதிரி. பைதான்ல வேற கூத்து. அங்க தமிழ் எழுத்தை எழுத்துன்னு ஒத்துக்கும், ஆனா புள்ளியையும் கொம்பு, சுழியையும் ஒத்துக்காது. 'தமிழ்'ங்கிற வார்த்தையைக் கொடுத்து வார்த்தைகளாப் பிரின்னா, 'தம' ஒண்ணு, 'ழ' ஒண்ணுனு ரெண்டா வெட்டிக் கொடுக்கும்.

நல்லவேளையா ஜாவாஸ்கிரிப்ட்ல 2018ல இருந்து யூனிகோட் வகையைச் சொல்லித் தேடலாம். "இந்தச் சொல்லுக்கு முன்னாலயும் பின்னாலயும் எந்த மொழியோட எழுத்தும், எழுத்தோட ஒட்டுற குறியும் இருக்கக் கூடாது"னு எழுதினேன். லிங்க் வர ஆரம்பிச்சது.

ஆனா கொஞ்சம்தான் வந்துச்சு. ஏன்னா நம்ம யாருமே 'சர்வர்'னு மொட்டையா நிறுத்துறது இல்லை. சர்வருக்கு, சர்வர்ல, சர்வரோட, சர்வரை. 'சர்வர்'ல கடைசி எழுத்து ர். 'சர்வருக்கு'ன்னு ஆகும்போது அந்தப் புள்ளி போய் ரு ஆயிடுது. 'அல்காரிதம்' இன்னும் மோசம். 'அல்காரிதத்துல'ன்னு வரும்போது ம் காணவே காணோம். ஆங்கிலத்துல ஒரு எஸ் சேர்த்தா முக்கால்வாசி வேலை முடிஞ்சது. இங்க வேற்றுமை உருபு, பன்மை, 'உம்', அதுக்கு மேல என்னோட பேச்சுவழக்கு.

"சரி, கடைசிப் புள்ளியை எடுத்துட்டு, அதுக்கப்புறம் என்ன வந்தாலும் பிடி"னு ஒரு ரூல் போட்டேன். ரொம்பப் புத்திசாலித்தனம்னு நினைச்சேன். 'கோட்'ங்கிற வார்த்தைக்கு, கம்ப்யூட்டர்ல எழுதுற கோட், அது 'கோட'ன்னு ஆச்சு. அடுத்த பில்ட்ல கோடை விடுமுறைக்கு லிங்க், பத்து... இல்ல, கோடின்னா அது எல்லாத்துக்கும் லிங்க், கோடம்பாக்கத்துக்கும் லிங்க். தட்டினா "கம்ப்யூட்டருக்கு நாம் எழுதும் கட்டளைகள்"னு வருது.

இன்னொரு பிரச்சினை கண்ணுக்கே தெரியாது. 'டொமைன்'ங்கிற சொல் பாதி எபிசோட்ல லிங்க் ஆகுது, பாதியில ஆகல. எழுத்தை எழுத்தா ஒப்பிட்டேன், ஒரே மாதிரி. விஷயம் என்னன்னா, 'டொ'வுல இருக்கிற ஒகரக் குறியை யூனிகோட்ல ரெண்டு விதமா எழுதலாம். ஒரே குறியா எழுதலாம், இல்லைன்னா ஒற்றைக் கொம்பு தனி, கால் தனின்னு ரெண்டா எழுதலாம். கீபோர்டைப் பொறுத்து மாறும். கண்ணுக்கு ஒண்ணு, கம்ப்யூட்டருக்கு ரெண்டு. இதுக்குத் தீர்வு ஒரே வரி: தேடுறதுக்கு முன்னாடி ரெண்டு பக்கத்தையும் என்எஃப்சிங்கிற பொது வடிவத்துக்கு மாத்திடணும்.

வரிசைப்படுத்துறதுலயும் ஒரு வரி வேணும். சும்மா சார்ட் பண்ணா யூனிகோட் எண் வரிசையில வரும். அந்த வரிசையில ந பக்கத்துல ன, ர பக்கத்துல ற. நாம ஸ்கூல்ல படிச்சது ய ர ல வ ழ ள ற ன. ஒப்பிடும்போது மொழி தமிழ்னு சொல்லிட்டா ஜாவாஸ்கிரிப்ட்டே தமிழ் வரிசையில அடுக்கிக் கொடுக்கும். அகராதிங்கிற வார்த்தையே 'அகரம் முதலா'ங்கிற வரிசையைத்தான் குறிக்குது, அதுலயே கோட்டை விட்டா நல்லா இருக்காது.

கேஷ் ஆன் டெலிவரி

இதெல்லாம் சரி பண்ணி, வெற்றிகரமா பப்ளிஷ் பண்ணேன். மறுநாள் ஒரு நண்பன் ஸ்க்ரீன்ஷாட் அனுப்பினான். ஆன்லைன் பேமென்ட் பத்தின எபிசோட். "நம்ம ஊர்ல இன்னும் கேஷ் ஆன் டெலிவரிக்குத்தான் மவுசு." அதுல 'கேஷ்'க்குக் கீழே புள்ளிக்கோடு. தட்டினா, "அடிக்கடி தேவைப்படும் தரவின் நகலை விரைவாக அணுகக்கூடிய இடத்தில் தற்காலிகமாகச் சேமிக்கும் முறை."

பணமும் கேஷ்தான், மெமரியில வைக்கிறதும் கேஷ்தான். தமிழ்ல எழுதினா ரெண்டும் ஒண்ணு. அதே மாதிரி 'லாக்'. டேட்டாபேஸைப் பூட்டுறதும் லாக், என்ன நடந்துச்சுன்னு எழுதி வைக்கிற ஃபைலும் லாக். 'ஃபார்ம்', நிரப்புற படிவமா, விவசாயப் பண்ணையா? க-வும் ga-வும் நமக்கு ஒரே எழுத்துங்கிறதால, இரவல் வார்த்தைகள் நம்ம எழுத்துக்குள்ள வந்ததும் ஒண்ணு மேல ஒண்ணு ஏறி உக்காந்துக்குது. வாசிக்கிற மனுஷனுக்குச் சூழலை வெச்சுப் புரிஞ்சிடும். ப்ளகினுக்குப் புரியாது.

இங்கதான் ஸ்ஃபிங்க்ஸ் பண்ற விஷயத்துக்குத் திரும்பி வந்தேன். இப்போ நம்ம பட்டியல்ல ரெண்டு வகைச் சொற்கள் இருக்கு. 'அல்காரிதம்' மாதிரி வேற அர்த்தமே இல்லாத சொல்லை ப்ளகினே தேடி லிங்க் போடும். 'கேஷ்', 'லாக்', 'கோட்' மாதிரி குழப்பமான சொல்லைத் தானா தொடவே தொடாது. எழுதும்போது நான் கையால குறிச்சா மட்டும்தான். குறிச்ச சொல் பட்டியல்ல இல்லைன்னா பில்ட் நின்னுடும்.

உருபு விஷயத்துலயும் இதே பாதைதான். எல்லாத்தையும் ரூல் போட்டுப் பிடிக்கிற ஆசையை விட்டுட்டேன். ஒவ்வொரு சொல்லுக்கும் அதோட வடிவங்களையும் பட்டியல்ல வெச்சிருக்கேன். புது எபிசோட்ல அந்தச் சொல் மாதிரியே தொடங்குற, ஆனா பட்டியல்ல இல்லாத ஒரு வடிவம் வந்தா, ப்ளகின் என்கிட்ட கேக்கும்: "சர்வராலயும்: இது சர்வரா?" ஆமா. "கோடம்பாக்கம்: இது கோடா?" இல்லை. ஒருதடவை சொன்னா ஞாபகம் வெச்சுக்கும். எபிசோடுக்கு ஒரு அஞ்சு நிமிஷ வேலை.

தட்டினா என்ன வரணும்

இதைச் சுருக்கமா சொல்லிடுறேன். ஹெச்டிஎம்எல்ல விளக்கத்தை டைட்டில்ல போட்டு, மவுஸ் வெச்சா தெரியுற மாதிரி பண்றது பழைய வழக்கம். நீங்க எல்லாரும் போன்ல வாசிக்கிறீங்க, போன்ல மவுஸ் இல்லை, அதனால அது வேலைக்கு ஆகாது. நான் சாதாரண லிங்க்தான் வெச்சிருக்கேன். ஒரு பக்கத்துல ஒரு சொல் முதல் தடவை வரும்போது மட்டும் லிங்க், இல்லைன்னா பக்கம் முழுக்க அம்மை போட்ட மாதிரி ஆயிடும். தலைப்பு, ஏற்கனவே இருக்கிற லிங்க், கோட் பகுதி, இதையெல்லாம் ப்ளகின் தொடாது. அதுக்கு ஹெச்டிஎம்எல்லை வெறும் எழுத்தா நினைச்சு மாத்தாம, பார்சர் வெச்சுப் பிரிச்சு, உள்ள இருக்கிற வாசகத்தை மட்டும் எடுக்கணும். ஒவ்வொரு எபிசோட் கீழேயும் "இதில் வந்த சொற்கள்"னு ஒரு சின்னப் பெட்டி இருக்கும்.

சர்வர்னா க்ளையன்ட், க்ளையன்ட்னா சர்வர்

இப்போ அந்த கேஷ் விளக்கத்தை இன்னொரு தடவை பாருங்க. "தரவின் நகலை", "அணுகக்கூடிய". ஒரு வார்த்தை புரியாம வந்தவங்களுக்கு நான் இன்னும் ரெண்டு வார்த்தை கடன் கொடுத்து அனுப்புறேன். அந்த மாணவியோட நோட்டுல கேஷுக்கு என்ன எழுதியிருந்தாங்க தெரியுமா? "ஸ்டோர் ரூம்ல மூட்டை இருக்கு. அடுப்பு பக்கத்துல அஞ்சறைப் பெட்டி இருக்கு. அஞ்சறைப் பெட்டிதான் கேஷ்." அவ்வளவுதான். அஞ்சறைப் பெட்டி சின்னதாத்தான் இருக்கும், தீர்ந்தா திரும்ப நிரப்பணும், சில சமயம் உள்ள இருக்கிறது பழசாயிருக்கும். கேஷோட குணம் அத்தனையும் அதுல இருக்கு. நான் எழுதினது பரீட்சைக்கு எழுதின பதில்.

அதுக்கப்புறம் ப்ளகினை க்ளாஸரி மேலயே ஓட விட்டேன். ஒரு சொல்லோட விளக்கத்துல பட்டியல்ல இருக்கிற இன்னொரு சொல் வந்தா, ரெண்டுக்கும் நடுவுல ஒரு அம்புக்குறி. இப்படி எல்லா அம்புக்குறியையும் போட்டு, எங்கயாவது சுத்தி ஆரம்பிச்ச இடத்துக்கே வருதான்னு தேடணும். டேட்டா ஸ்ட்ரக்சர் பேப்பர்ல கிராஃப்ல சைக்கிள் கண்டுபிடிக்கிறதுனு படிச்சோமே, அதேதான். முதல் ரன்லயே மாட்டிக்கிட்டேன். சர்வர்: க்ளையன்ட் கேட்பதைத் தரும் கணினி. க்ளையன்ட்: சர்வரிடம் கேட்கும் கணினி. ரெண்டுமே தெரியாதவங்க இதுக்கு நடுவுல ஷட்டில் காக் மாதிரி போய்ட்டு வந்துட்டே இருக்கணும். இப்போ சுத்து இருந்தா பில்ட் நின்னுடும்.

"இவ்வளவு கஷ்டம் எதுக்கு, ஏஐகிட்ட கொடுத்தா எழுதித் தராதா"னு கேப்பீங்க. கேட்டுப் பார்த்தேன். தமிழ் சரளமா இருந்துச்சு. 'லாக்'குக்குப் பூட்டைப் பத்தி எழுதிச்சு, அந்த எபிசோட்ல நான் பேசினது லாக் ஃபைல். அதைவிட, யாருக்காக எழுதுறோம்ங்கிறது அதுக்குத் தெரியாது. எனக்கும்தான் தெரியாம இருந்துச்சு, அந்த போட்டோ வர்ற வரைக்கும்.

லிங்க் போடுறதுக்காகத்தான் ப்ளகினை ஆரம்பிச்சேன். இப்போ எனக்கு அதிகம் உதவுறது, ஒவ்வொரு பில்ட் முடிவுலயும் அது கொடுக்கிற இன்னொரு பட்டியல்: இந்த எபிசோட்ல நீ விளக்கம் சொல்லாமலே பயன்படுத்தின புதுச் சொற்கள். போன எபிசோடுக்கு அந்தப் பட்டியலைப் பார்த்துட்டு, ரெக்கார்டிங்ல ரெண்டு இடத்தைத் திரும்பப் பேசினேன். வார்த்தையைக் கண்டுபிடிக்கிறது, சரிபார்க்கிறது, நச்சரிக்கிறது, இதெல்லாம் மெஷின் பண்ணட்டும். அர்த்தம் எழுதுறது நம்ம வேலை.

நீங்க பண்ணணும்னா

உங்க ப்ளாக், காலேஜ் கிளப் சைட், ஆபீஸ் டாக்குமென்டேஷன், எதுவா இருந்தாலும் ப்ளகின்ல ஆரம்பிக்காதீங்க. முதல்ல ஒரு இருபது வார்த்தையைக் கையால எழுதுங்க. புதுசா சேர்ந்த ஒருத்தர்கிட்ட கொடுத்து, எது புரியலனு வட்டம் போடச் சொல்லுங்க. உங்க லிஸ்ட்டுக்கும் அவங்க வட்டத்துக்கும் எவ்வளவு தூரம்னு அப்போ தெரியும். அதுக்கப்புறம் கோட் எழுதுங்க. தமிழ்னா என்எஃப்சி, வார்த்தை எல்லை, தமிழ் வரிசை, இந்த மூணையும் முதல் நாளே பண்ணிடுங்க. குழப்பமான சொற்களைத் தானா லிங்க் பண்ண விடாதீங்க.

அந்த மாணவிக்கு பதில் எழுதினேன். உங்க கேஷ் விளக்கத்தை அப்படியே எடுத்துக்கலாமா, பேர் போடலாமானு கேட்டேன். எடுத்துக்கோங்க அண்ணா, பேர் மட்டும் வேண்டாம்னாங்க. கூடவே அடுத்த நோட்டுப் பக்கத்தோட போட்டோ. அதுல 'டிப்ளாய்' அடிச்சுத் திருத்தியிருந்துச்சு. பதினொரு புதுச் சொல் இருந்துச்சு. ஆறுக்கு இன்னும் நான் விளக்கம் எழுதல.

உங்ககிட்டயும் அப்படி ஒரு லிஸ்ட் இருந்தா அனுப்புங்க. நோட்டுல எழுதினதா இருந்தா போட்டோ போதும், டைப் பண்ண வேண்டாம். 'கம்பைல்'னா 'சேவ்'னு நினைச்சவன்தான் இங்க பேசிட்டிருக்கேன், அதனால எந்த வார்த்தைக்கும் யோசிக்காம கேளுங்க. அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.